ஒயின் ஷாப்பில் சம்பந்தம் பேசினேன்

கடலூரில் என் பாத்திரக் கடைக்கு நாலு கடை தள்ளி ஒயின் ஷாப். கம்பி வலையில் ஒரு பொந்து. காசு உள்ளே போகும், பாட்டில் வெளியே வரும். தினமும் சிதம்பரத்தில் நடராஜரைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிறவன் நான். அந்தக் காற்று பட்டாலே பாவம் என்று எதிர்ச்சாரியில்தான் நடப்பேன். அப்பேர்ப்பட்ட என்னைத்தான் ஆண்டவன் விமானம் ஏற்றி, இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸில் ஒரு கிராமத்துச் சாராயக் கடைக்குச் சம்பந்தம் பேச அனுப்பினான். அவனுக்கும் பொழுது போகவேண்டாமா?

மகள் அங்கே நர்ஸ். கூட வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது, "நீ சரின்னு சொன்னாதாம்ப்பா. வேணாம்னா விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையனின் அப்பா ஆட்டுப்பண்ணைக்காரர். அவர் வம்சத்தில் எல்லாக் கல்யாணப் பேச்சும் அந்தக் கடை பெஞ்சில்தான் நடந்ததாம். வேறு இடத்தில் பேசினால் விளங்காதாம். சம்பிரதாயம் நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டிருந்தேன்.

"ரொம்பப் பழைய கடைப்பா. ஒரு ஆணிய மாத்தணும்னாகூட கவர்மெண்டுல கேக்கணும்" என்றாள் மகள். நம் ஊரில் சோழர் காலத்துத் தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடித்து, சாமி நிற்கிற இடத்தில் பாத்ரூம் டைல்ஸ் ஒட்டுகிறோம். அங்கே குடிக்கிற இடத்தைக் கருவறை மாதிரிக் காப்பாற்றுகிறார்கள். அவரவர் பக்தி அவரவர்க்கு.

வாசலில் தயங்கினேன். என் வீட்டுக்காரி விடவில்லை. "என்ன யோசன? ஒங்க வைராக்கியத்த வெளியவே வச்சிட்டு வாங்க, எவனும் தூக்கிட்டுப் போவ மாட்டான்."

குனிந்து நுழைகிற வாசல். தேய்ந்த கல்தரை. இருட்டு. மூலையில் நெருப்பு. காலுக்கு என்ன தெரியும்? கோயில் என்று நினைத்து நின்றுவிட்டது. ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். நிமிர்ந்தால், புகையேறிய பெஞ்சுகள். சுவரில் ஒரு பொந்து, அதன் வழியாக கிளாஸ் வருகிறது. இத்தனை கடல் தாண்டியும் பொந்து மட்டும் மாறவில்லை.

பையனின் அப்பா என் வெறுங்காலைப் பார்த்தார். தன் சேற்று பூட்ஸைக் கழற்றி என் ஷூ பக்கத்தில் வைத்தார். அவர் சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. பக்கத்து பெஞ்சுக் கிழவர்கள் இரண்டு பேரும் முனகிக்கொண்டே கழற்றினார்கள்.

"ஐயோ அப்பா! கல்யாணம் பேசும்போது நாம செருப்பு போட மாட்டோம்னு நெனச்சிட்டாங்க. அடுத்து என்ன செய்யணும்னு கேக்கறாரு."

"கெழக்க பாத்து ஒக்காரணும்னு சொல்லுடி" என்றாள் வீட்டுக்காரி, பெரிய புரோகிதர் மாதிரி.

அவ்வளவுதான். ஒரு கிழவர் நெருப்பைக் காட்டினார். இன்னொருவர் பொந்தைக் காட்டினார். கடைக்காரம்மா வந்து ரெண்டும் தப்பு என்றார்.

"ஊத்திக்கிட்டவங்கள தெச கேட்டா இப்புடித்தான்" என்றேன். நல்லவேளை, மகள் அதை மொழிபெயர்க்கவில்லை.

பையனின் அப்பா எழுந்து அந்த ஓட்டை சாக்ஸோடு மழையில் வெளியே போனார். காலையில் எந்த மலை மேல் வெயில் வரும் என்று பார்க்கப் போனாராம். சொட்டச் சொட்டத் திரும்பி வந்தவர், தான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மூலையை உள்ளங்கையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அங்கே உட்கார்ந்தால்தான் கிழக்கு பார்க்குமாம். அது அவர் அப்பா உட்கார்ந்த இடமாம். வேறு யாரையும் உட்கார விடமாட்டாராம்.

உட்கார்ந்தேன்.

"அப்பா... சரியா?" என்றாள் மகள்.

"ஒக்காந்துட்டேன்ல? மொதல்ல சம்பந்திய நெருப்பாண்ட வரச் சொல்லு. சளி புடிச்சிக்கப் போவுது."