சஃபியா டீச்சர் கூட்டிய மாட்டுச் சந்தை

சஃபியா டீச்சர் மேல் எனக்கு ரொம்ப வருசமாக ஒரு வருத்தம் உண்டு. மாட்டுத் தரகில் தலை நரைத்தவன் நான். அந்தியூர்ச் சந்தையில் என் துண்டுக்குள் கையை விட்டவன் என்ன விலைக்கு முடித்தான் என்பது அவன் பெண்டாட்டிக்கே தெரியாது. அப்படிக் காப்பாற்றி வைத்திருந்த வித்தையை அந்த அம்மணி மூக்கொழுகும் பொடிசுகளுக்கெல்லாம் பரப்பிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் நான் துண்டை விரித்தால் போதும், நாலு வாண்டுகள் சுற்றி நின்றுகொள்ளும். என் முழங்கை அசைவதை வைத்தே விலையைக் கண்டுபிடித்து, ஒன்றின் விரலை ஒன்று பிடித்துச் சிரிக்கும். எந்தத் தரகனுக்கு இந்தக் கதி வந்திருக்கிறது?

சந்தை பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டு விலையை நாங்கள் வாய்விட்டுச் சொல்வது கிடையாது. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடிப்போம். ஒரு விரல் என்றால் ஆயிரம். முழுக் கை ஐந்து. முழுக் கையைப் பிடித்துவிட்டு மறுபடி ஒரு விரலைப் பிடித்தால் ஆறு. விரல் நுனியை மட்டும் தொட்டால் அரை. சுற்றி ஊரே நின்றாலும் விசயம் இரண்டு கைகளுக்குள்தான்.

டீச்சர் பிறந்தது கோயமுத்தூர் கோட்டைமேட்டில். அப்பா மெத்தை தைப்பவர். "பஞ்சு மூட்டை மேல குதிச்சுக் குதிச்சே வளந்தேனுங்கண்ணா, அதான் எங்கயும் அடிபடல" என்பார். பத்தாவது படித்து, குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் பயிற்சியும் முடித்து, ரசாக்கைக் கட்டிக்கொண்டு சூலூருக்குக் கிழக்கே எங்கள் ஊருக்கு வந்தார். ரசாக்குக்குக் கட்பீஸ் துணிக்கடை. என் தங்கை வீட்டுக்காரர் தம்பிதுரையின் தறிக்குடோனை ஒட்டி ஒரு அறை சும்மா கிடந்தது. அதை வாடகைக்குப் பிடித்து, தொண்ணூற்று மூன்றில் டீச்சர் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் தொடங்கினார்.

பள்ளிக்கூடம் என்று பேர்தான். ஒரு மணல் குவியல், கொஞ்சம் கூழாங்கல், கடையில் மிஞ்சிய துணித் துண்டுகள், ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை. பெற்றவர்கள் வந்து, "ஏனுங் டீச்சர், ஏ பி சி டி எப்பங்க?" என்பார்கள்.

"மணல்ல ஊடு கட்டி முடிக்கட்டுமுங்க. அப்பறம் அதுவே கதவைத் தட்டிட்டு வருமுங்க" என்பார் டீச்சர்.

என் வாய் சும்மா இருக்குமா? ஒரு நாள் கேட்டேன். "புள்ளைங்கள வெளையாட உடறதுக்குக் காசு வாங்கற ஆளை இப்பத்தானுங் பாக்கறேன்."

"மாட்டோட பல்லைப் பாக்கறதுக்குக் காசு வாங்கற ஆளை நானும் இப்பத்தானுங்கண்ணா பாக்கறேன்" என்றார், தலையைத் தூக்காமலே.

அந்த அறைக்கு எதிரே ஒரு வேப்பமரம். அதன் அடியில்தான் நான் காங்கேயத்து ஆட்களோடு பேரம் பேசுவேன். ஒரு நாள் பேரம் பாதியில் இருக்கும்போது டீச்சர் வந்து நின்றார்.

"ஏனுங்கண்ணா, அந்தத் துண்டுக்குள்ள என்னங்க? காத்தாலருந்து ஒரு புள்ளையும் என்னைப் பாக்கல. உங்க துண்டத்தான் பாத்துட்டு இருக்குதுங்க."

"அது தொழில் ரகசியமுங் அம்மணி."

டீச்சர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து பொடிசுகள் என் வேட்டியைப் பிடித்துத் தொங்க ஆரம்பித்தன. "மாமா, உள்ள என்ன?" தூண்டிவிட்டது யார் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு நாள் முறைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் தொல்லை தாங்காமல் சொல்லித் தொலைத்தேன்.

அன்றைக்கே அறைக்குள் சந்தை கூடிவிட்டது. டீச்சரின் சின்ன மகள் மிஸ்பாதான் மாடு. கழுத்தில் கட்பீஸ் கயிறு. ஒருத்தன் விற்பவன், ஒருத்தி வாங்குபவள், நடுவில் தரகன். மாட்டின் வாயைத் திறந்து, பல்லை எண்ணி வயசு பார்த்துவிட்டுத்தான் பேரம். விலைக்குப் புளியங்கொட்டை. ஒரே ஒரு சட்டம்: விலையை வாயால் சொன்னால் அவுட். நாங்களாவது கோபம் வந்தால் வாய்விட்டுக் கத்துவோம். அந்தப் பொடிசுகள் கத்தவே கத்தாது.

"இதுல என்ன படிப்புங் டீச்சர்?" என்று கேட்டேன்.

"நூறு வரைக்கும் எண்ணச் சொன்னீங்கன்னா கிளிப்புள்ள மாதிரி எண்ணிப்போடுமுங்க. அஞ்சு கல்லு எடுத்துட்டு வான்னா கை நெறைய அள்ளிட்டு வரும். துண்டுக்குள்ள அப்படி ஏமாத்த முடியாதுங்கண்ணா. ஏழுன்னா ஏழைத் தொட்டே ஆகோணும்."

எனக்குப் பாதி புரிந்தது. தம்பிதுரைக்கு அதுவும் புரியவில்லை. அவர் மகன் மிதுனும் அங்கேதான் இருந்தான். டவுனில் ஒரு பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் அவனை எல்.கே.ஜி. சேர்க்கவேண்டும் என்று அவருக்கு வெறி. அந்தக் காலத்தில் அதற்கு இன்டர்வியூ உண்டு. நாலு வயசுப் பிள்ளைக்குக் கேள்வி கேட்பார்கள். தம்பிதுரை என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "பையனுக்குச் சீட்டு கெடச்சா டீச்சர் இங்கயே இருக்கட்டும். கெடைக்கலீன்னா ரூமைக் காலி பண்ணோணும். நூல் மூட்டை போடறதுக்கு எனக்கு எடம் பத்தல மச்சான்."

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. அந்த அறையை விட்டால் ஊரில் வேறு இடமில்லை. "இனியாச்சும் நாலு எழுத்துச் சொல்லிக்குடுங்" என்றேன். மணலைக் கிளறி நிரவிவிட்டார். "பயந்துட்டுச் சொல்லிக்குடுத்தா புள்ளையும் பயந்துட்டேதானுங்கண்ணா படிக்கும்" என்றார். அன்றைக்கும் சந்தைதான்.

இன்டர்வியூவுக்குத் துணையாக நானும் போனேன். பெரிய டீச்சரம்மா மேசைமேல் கலர் பென்சில்களைப் பரப்பினார். முதலில் இங்கிலீஷில் கேட்டார். பிறகு தமிழில், "எத்தனை இருக்கு கண்ணா?" என்றார்.

மிதுன் பென்சிலைப் பார்த்தான், அந்தம்மாவைப் பார்த்தான். உதட்டை இறுக்கிக்கொண்டான். அடுத்த கணம் என் தோளில் கிடந்த துண்டை உருவி அந்தம்மாவின் கைமேல் போட்டு, உள்ளே கையை விட்டுவிட்டான்.

"அய்யோ, என்ன பண்றான்?" என்று அவர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"ஒண்ணுமில்லீங்கம்மா, ஏழுன்னு சொல்றானுங்" என்றேன். மேசையில் இருந்ததும் ஏழுதான்.

"வாயில சொல்லச் சொல்லுங்க."

"வாயில சொன்னா அவுட்டு" என்றான் மிதுன். அங்கே அவன் உருப்படியாகப் பேசியது அது ஒன்றுதான். அதற்கப்புறம் பேசியதை உருப்படி என்று சொல்லமுடியாது. "வாயைத் தொறங்க, பல்லுப் பாக்கோணும்" என்றான்.

சீட்டு கிடைக்கவில்லை. காரில் சிங்காநல்லூர் தாண்டும்போது தம்பிதுரை என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு நூல் லாரி வருது. மூட்டை அந்த ரூம்லதான்" என்றார்.

மறுநாள் காலையில் அவரே வந்து வாசலில் நின்றார். நானும் பின்னால் நின்றேன். உள்ளே சந்தை நடந்துகொண்டிருந்தது. டீச்சர் எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் கெஞ்சவில்லை.

"காலி பண்ணிக்கறோமுங்க. கூடுன சந்தையைப் பாதியில கலைக்க வேண்டாமுங்க, முடியட்டும். அதுவரைக்கும் உக்காருங்க. சும்மா உக்காந்தா மாடு மிரளும். நீங்களும் ஒரு வெலைப்பேச்சுப் பேசுங்க."

தம்பிதுரை என்னைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளை வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார். மிதுன் ஓடி வந்து அப்பாவின் கைமேல் துண்டைப் போட்டான். மிஸ்பா அசை போட்டபடி தலையை ஆட்டினாள்.

தம்பிதுரை உள்ளே என்னவோ பிடித்தார். மிதுன் மாட்டேன் என்று தலையாட்டினான். மறுபடி பிடித்தார். அதற்கும் மாட்டேன். பிறகு மிதுனின் முறை. துண்டு லேசாக அசைந்தது. தம்பிதுரையின் புருவம் மேலே போனது.

"டேய், ஆறரையா கேக்கற?"

"அப்பா வாயில சொல்லீட்டாரு! அவுட்டு! அவுட்டு!"

மொத்தச் சந்தையும் எழுந்து குதித்தது. மாடும் குதித்தது. நூல் வியாபாரத்தில் எத்தனையோ பேரை மடக்கிய மனுசன், அத்தனை பொடிசுகள் நடுவில் அவுட்டாகி உட்கார்ந்திருந்தார். முகம் கொஞ்ச நேரம் கடுகடுவென்று இருந்தது. பிறகு துண்டை உதறி மறுபடி கைமேல் போட்டுக்கொண்டார். "அது செல்லாது. எனக்குச் சட்டம் சரியாச் சொல்லல. இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் தோற்றார். மூன்றாவது ஆட்டத்தின்போது வெளியே லாரி வந்து நின்றது. "மூட்டைய எங்கீங்க போடறது?" என்று சுமைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"தகரக் கொட்டாயில போடு, போ. பேச்சு நடக்கறது தெரியல?" என்றார் தம்பிதுரை.

அதற்கப்புறம் காலி பண்ணும் பேச்சே எழவில்லை. மிதுன் இன்னும் ஒரு வருசம் அங்கேயே இருந்தான். மணலில் விலைப்பலகை எழுதவேண்டும் என்று அவனே கேட்டு, எண்ணும் எழுத்தும் கற்றுக்கொண்டான்.

தொண்ணூற்று ஏழு மே மாதம் ரசாக் கடையைப் பொள்ளாச்சிக்கு மாற்றினார். டீச்சரின் இடத்துக்கு மோகனப்பிரியா என்று ஒரு டவுன் பெண் வருவதாக ஏற்பாடு. சாமான்களை டெம்போவில் ஏற்றிவிட்டு, டீச்சர் என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"அண்ணா, பள்ளிக்கூடம் தொறக்கற அன்னிக்கே சந்தை கூடாமப் போச்சுன்னா, அப்பறம் எப்பவும் கூடாதுங்க. மத்ததெல்லாம் புள்ளைங்களே பாத்துக்கும். மாடுதான் இல்ல. மிஸ்பா எங்ககூட வந்துருதே."

"அதுக்கு நான் என்னங் பண்ணோணும்?"

டீச்சர் என்னை மேலும் கீழும், சந்தையில் நான் காளையைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

"மொத நாளைக்கு மட்டும் நீங்க மாடா நில்லுங்கண்ணா. அந்த டீச்சர் மாடு பாத்துப் பழகாத புள்ள. எடுத்ததும் முட்டிப்போடாதீங்க."