கழற்றாமல் விட்ட நாலு ஸ்குரூ

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். நான் பதினெட்டு வருடமாகத் தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். கரண்ட் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும், அதற்கு மேல் எதையும் நம்பியதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சண்டை போட்டு அந்த வீட்டுக்காரர்களோடு இன்று வரைக்கும் பேச்சுவார்த்தை இல்லாதவன். வேதக்காரன்தான், கிறிஸ்தவன், ஆனால் கோயிலில் பிசாசைப் பற்றிப் பிரசங்கம் ஆரம்பித்தால் எழுந்து வெளியே டீ குடிக்கப் போய்விடுவேன். அப்படிப்பட்ட ஆள்தான் இதைச் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு கடையில் சுடலைமுத்து என்று ஒருவன் இருந்தான். வேலையாள் என்று சொன்னால் பொய், கடை திறந்த நாளிலிருந்து பாதிக் கடை அவன். சொந்த ஊர் ஆய்க்குடி. கை சுத்தம், வேலை சுத்தம், எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்றே ஒன்றுதான். புதுக் கம்ப்யூட்டர் விற்றால், பெட்டியை மூடுவதற்கு முன்னால் உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் கார்டின் மேல் சந்தனத்தைக் குழைத்து வைத்து நடுவில் குங்குமம் வைப்பான். கிராபிக்ஸ் கார்டு என்றால் திரையில் படம் வருவதற்கென்றே உள்ளே தனியாகச் செருகுகிற பலகை, அதுவே ஃபேனும் மூடியுமாகத் தடியாக இருக்கும். பெட்டியிலேயே விலை கூடினது அதுதான், அதனால் பொட்டு அதற்குத்தானாம். வலது மோதிர விரலின் நுனியில் ஒரு ஓரத்தை எப்போதோ ஃபேன் வெட்டிவிட்டதால், அவன் வைக்கிற பொட்டு முழு வட்டமாக வராது, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பொட்டு வைத்து மூடிவிட்டு ஸ்குரூடிரைவரின் பிடியால் பெட்டியை இரண்டு தட்டு தட்டுவான், பிறகுதான் சுவிட்சைப் போடுவான்.

ஈரச் சந்தனத்தைக் கொண்டுபோய் போர்டில் வைக்கிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா என்று நான் கத்தாத வருடம் கிடையாது. ஒரு ஆயுத பூஜையின்போது மற்றவர்கள் முன்னாலேயே கண்டபடி பேசிவிட்டேன். அதற்கப்புறம் கார்டுகளின் மேல் பொட்டைக் காணோம், சரி, திருந்திவிட்டான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த வாரம் கம்ப்யூட்டர் வாங்கியவர்தான் குற்றாலத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிற சங்கரலிங்கம் அண்ணாச்சி. கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிறவர். பத்து மாதம் கழித்துத் திரையில் கோடு கோடாக வருகிறது என்று பெட்டியைக் கொண்டுவந்து போட்டார். சுடலை பிரித்து, துடைத்து, திரும்பச் செருகி, நன்றாக ஓடுகிறது என்று கொடுத்தான். அண்ணாச்சி உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, இது என் கார்டே இல்லை, உங்கள் கடையிலிருந்து போன எல்லாப் பெட்டியிலும் பொட்டு இருக்கிறது, இதில் எங்கே பொட்டு, புதுசை உருவிக்கொண்டு பழசைச் செருகியிருக்கிறீர்கள் என்று கடை வாசலில் நின்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் வந்து நிற்கிறார்கள். என் கடைப் பெயர் சந்தி சிரிக்கிறது. அவர் பெட்டி போனதே பொட்டு நின்ற பிறகுதான் என்பது அந்தச் சத்தத்தில் எனக்கு ஓடவில்லை.

அப்போது சுடலை என்னைப் பார்த்துச் சொன்னான்.

"நீதானல வெளிய வைக்காதன்ன. உள்ள வச்சிருக்கேன், ஃபேன் மூடிக்கு உள்பக்கம். நாலு ஸ்குரூதான், கழத்திப் பாரு."

நான் கழற்றவில்லை. ஸ்குரூடிரைவர் என் கையில்தான் இருந்தது, அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. நான் சொன்னதையும் கேட்காமல் பொட்டு வைத்தேன் என்கிறானே என்று ஒரு கோபம், கூட்டத்துக்கு முன்னால் மானம் போகிறதே என்று ஒரு கோபம். திருடினதும் இல்லாமல் கதை வேறு விடுகிறாயா, இனிமேல் கடைப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டேன். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டுப் போய்விட்டான்.

தென்காசியில் அதற்குப் பிறகு ஒரு கடையிலும் அவனைச் சேர்க்கவில்லை. சிவகிரியில் ஒரு கடையில் வேலை கிடைத்து, தினமும் ஆய்க்குடியிலிருந்து பைக்கில் போய்வந்தான். ஆறே மாதம், ஒரு மழை நாளில் ரோட்டில் வண்டி சறுக்கி லாரிக்குள் போய்விட்டான். நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன். அவன் பெண்டாட்டி மாரிச்செல்வி வாசலில் என்னை மறித்து, "அவுக களவாங்கலன்னு ஒரு வார்த்தை எல்லாருக்கும் கேக்க சொல்லிட்டு, மாலையைப் போடுங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் மகளைக் களவாணி மகள் என்று கூப்பிடுகிறார்களாம். நான் வாயைத் திறக்கவில்லை. மாலையைப் பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். எப்பேர்ப்பட்ட மனுசன் பாருங்கள்.

அண்ணாச்சி அதே கார்டைத் திட்டிக்கொண்டே மூன்று வருடம் ஓட்டினார், அதுவும் ஒரு மக்கர் இல்லாமல் ஓடியது. பழைய கார்டு அப்படி ஓடுமா என்று எனக்கு ஒரு நாள் கூடத் தோன்றவில்லை.

போன குற்றால சீசனில் அண்ணாச்சி போன் பண்ணினார். திரையில் மறுபடி கோடு, பத்து நிமிடத்தில் கறுத்துப் போகிறது, இரண்டு கல்யாண ஆல்பம் பாதியில் நிற்கிறது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, நீயே வா என்றார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனேன். நல்ல சாரல். அருவிக்குப் போகிற கூட்டம் ஈரத் துண்டோடு ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஸ்டூடியோவில் போய்ப் பார்த்தால் ஜன்னலைத் திறந்துபோட்டு, அதன் அடியிலேயே கம்ப்யூட்டரை வைத்திருக்கிறார். சாரல் நேராக அதன் மேல் விழுகிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

கார்டை ஓட்டுகிற டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டேன், கோடு போகவில்லை. மானிட்டர் வயரை மாற்றினேன். கார்டுக்குப் போகிற பவர் வயரை மாற்றினேன். கார்டை உருவி, அதன் பல்லை அழிரப்பரால் தேய்த்து, பக்கத்து ஸ்லாட்டில் செருகினேன். அப்போதும் அதே கோடு, அதே கறுப்பு. கார்டுதான் போச்சு என்று முடிவு பண்ணி, சுவிட்சை அணைத்து, வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கி, கார்டைக் கழற்றி மேஜையில் பேப்பரை விரித்து அதன் மேல் வைத்தேன். நன்றாகக் கவனியுங்கள், கார்டில் ஒரு வயர் கிடையாது, பெட்டிக்கும் கரண்ட் கிடையாது.

டொக், டொக் என்று இரண்டு தட்டு. வெறும் பெட்டிக்குள்ளிருந்து.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். தகரம் சூடு ஆறினால் சத்தம் வரும் என்று நான்தான் சொன்னேன். சொல்லி வாயை மூடவில்லை, மேஜையில் கிடந்த கார்டின் ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. ஜன்னல் காற்று என்று நினைத்து எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன், மின்விசிறியையும் நிறுத்தினேன். அப்போதும் சுற்றுகிறது. விரலை வைத்து நிறுத்தினேன், விரலைத் தள்ளுகிறது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், உள்ளேயிருந்து ஒரு ஆள் தள்ளுகிற மாதிரி தள்ளியது. அண்ணாச்சி கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

எனக்குப் பயம் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்த கோபம் எல்லாம் அந்தக் கையகலச் சாமானின் மேல் திரும்பியது. "என்னல வேணும் ஒனக்கு?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். ஃபேன் நின்றது.

ஸ்குரூடிரைவரை எடுத்தேன். ஃபேன் மூடியில் நாலு ஸ்குரூ. மூன்று லேசாக வந்தது, நாலாவது துருப்பிடித்து முரண்டு பிடித்தது. மூடியைத் தூக்கித் திருப்பினேன்.

உள்பக்கத்தில் பொட்டு இருந்தது. சந்தனம், நடுவில் குங்குமம், ஒரு பக்கம் தட்டை.

அந்தக் கார்டு வேலை செய்கிறபோது உள்ளே கை வைக்க முடியாத சூடு இருக்கும். அப்படி நாலு வருடம் வெந்த இடத்தில் அந்தச் சந்தனம் அப்போதுதான் குழைத்து வைத்த மாதிரி ஈரமாக இருந்தது. வாசனை வந்தது. தொட்டேன், விரலில் ஒட்டியது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டேன்.

அண்ணாச்சி கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது, முகம் செத்துப்போனது. நான் ஆய்க்குடிக்குப் போகிறேன், நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். ஆல்பம் வேலை கிடக்கிறது என்றார். தட்டிய சத்தம் கேட்டதல்லவா என்றேன்.

"மழை ஓட்டுல விழுத சத்தம்ப்பா அது" என்றார். அந்த ஸ்டூடியோவுக்கு ஓடே கிடையாது, கான்கிரீட் தளம். என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது.

மூடியைப் பேப்பரில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அந்தச் சாரலிலேயே ஆய்க்குடிக்குப் போனேன். மாரிச்செல்வி தையல் மெஷினில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் மெஷின் நின்றது, உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்று, அக்கம்பக்கத்துக்கு எல்லாம் கேட்கும்படி, சுடலை களவாங்கவில்லை, நான்தான் பாவி, அவன் சொன்னதைக் கேட்காமல் விட்டேன் என்று கத்திச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பேப்பரைப் பிரித்து மூடியை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் அந்தத் தட்டைப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "அவுக வச்சதுதான்" என்றாள். பிறகு விரலால் தடவினாள். நான் பக்கத்திலேயே நின்று பார்க்கிறேன், சந்தனம் காய்ந்து வெடித்துப்போய் இருக்கிறது, அவள் தடவியதும் பொடிப்பொடியாக உதிர்கிறது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஈரமாக இருந்தது, கையில் ஒட்டியது, ஃபேன் தானாகச் சுற்றியது, சத்தம் கேட்டது என்று எல்லாவற்றையும் உளறினேன். அவள் உதிர்ந்ததை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க சொல்லுதத மட்டும் நான் நம்பணும். அவுக சொன்னப்ப நாலு ஸ்குரூ கழத்த ஒங்களுக்குக் கை வரல, என்ன?"

மூடியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யார் மேல் கோபப்படுவது என்று சொல்லுங்கள். அண்ணாச்சியின் மேலா, செத்தும் என்னை விடாத அவன் மேலா? அத்தனை பேர் முன்னால் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே, என் கையைப் பிடித்துக் கழற்ற வைத்திருக்கலாமே, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனானே என்று அவனைத்தான் பல நாள் திட்டுகிறேன். திட்டி முடித்தால் கடைசியில் அது என்னிடம்தான் வந்து நிற்கிறது.

அன்றைக்கு விரலைத் துடைத்த சட்டை என் வீட்டுக் கொடியில் தனியாகத் தொங்குகிறது. என் பெண்டாட்டி அதை எத்தனையோ தடவை துவைத்துவிட்டாள், சித்திரை வெயிலில் நாள் முழுக்கப் போட்டும் பார்த்துவிட்டாள். சட்டை காய்ந்துவிடும். விரல் பட்ட அந்த ஒரு இடம் மட்டும் இன்றைக்கும் ஈரமாக இருக்கிறது, தொட்டால் மஞ்சளாக ஒட்டுகிறது. நான் பொய் சொல்கிறேன் என்று தோன்றினால் வாதாட மாட்டேன், வீட்டுக்கு வந்து தொட்டுப் பாருங்கள். நான் அன்றைக்குச் செய்யாததைத்தான் உங்களைச் செய்யச் சொல்கிறேன்.