ஆயர் ஈத்தாம் நாவல் மரத்தடிக்கு இரண்டாவது பயணம்

இந்தத் தடவை பினாங்குக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஜூன் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், லாரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் தங்கை ராஜி ஆயர் ஈத்தாமிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, அவருக்குக் கால்ல ரெண்டு வெரலு கறுத்துப் போச்சி. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்றாரு. கேட்டா, நாவக்கொட்டப் பொடி வேலை செய்யிது, பொறுத்துக்கோங்கறாரு. நீதானே ஏத்தி விட்ட? நீயே வந்து எறக்கி விட்டுட்டுப் போ."

போனை வைத்துவிட்டாள். என்னிடம் அவள் 'சாப்பிட்டியா' என்று கேட்காமல் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இணையத்தில் நான் எழுதும் இதே பக்கத்தில், ஆயர் ஈத்தாமில் என் தங்கை வீட்டு அடுக்குமாடிக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் நாவல் மரத்தைப் பற்றி எழுதினேன். பழத்தைச் சாப்பிடு, கொட்டையைக் கழுவிக் காயவை, இடித்துப் பொடியாக்கு, காலையில் ஒரு கரண்டி வெந்நீரில் குடி, இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி ஓடிப்போகும் என்று எழுதினேன். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரோடும் வாயும்தான். இருந்தும் வைத்தியர் மாதிரி எழுதினேன். 'மூன்றே மாதத்தில் உங்கள் மாத்திரை டப்பா குப்பைக்குப் போகும்' என்று கடைசி வரியில் ஒரு தமாஷும் வைத்தேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான்.

யாரை வைத்து அதை எழுதினேன் என்றால், ராஜியின் புருஷன் தனபாலனை வைத்துத்தான். எங்கள் பக்கத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையைக் கேலி பண்ணாமல் திரும்பினால், "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். அதற்கு முந்தின தீபாவளிக்கு, தனபாலனின் மாத்திரை டப்பா மேசையில் இருந்தது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா. நான் அதை எடுத்து, குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி ஆட்டினேன். "எல்லாரும் வாங்க, எங்க வீட்டு மருந்துக்கடை மாப்ள வந்துட்டாரு!" என்றேன். வீடே சிரித்தது. அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அந்த டப்பாவை நான் பார்க்கவில்லை. மரத்தடியில் குனிந்து கொட்டை பொறுக்குகிற தனபாலனைத்தான் பார்த்தேன். படமெடுத்துப் போட்டேன்.

சரி, பயணம்.

சனிக்கிழமை காலை 7.10க்கு எங்கள் ஊர் சுங்கை பட்டாணியில் ரயில் ஏறினேன். லாரியில் பாலம் வழியாகவே போய்ப் பழகியவன், ஆனால் அன்றைக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கை வரவில்லை. பட்டர்வொர்த்துக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஐந்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டைக் கொடுத்தேன், மீதி வந்தது. ஸ்டேஷனிலிருந்து பெரிக் கப்பல் ஏறும் இடத்துக்கு நடைபாலம் உண்டு, பத்து நிமிடம். மழை வந்தாலும் நனைய மாட்டீர்கள். பெரிக்கு இரண்டு வெள்ளி, கடலைத் தாண்டக் கால் மணி நேரம். வழக்கமாக மேல்தட்டில் நின்று யாரையாவது வம்புக்கு இழுப்பேன். அன்றைக்கு உட்கார்ந்தே வந்தேன்.

பெரி கொண்டுவிடும் ஜெட்டித் துறையிலிருந்து சூலியா தெரு நடந்தே போகிற தூரம். நேராக ஆயர் ஈத்தாம் பஸ் பிடித்திருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், தங்கச்சி முகத்தைப் பார்க்கப் பயந்து நேரத்தைக் கடத்தினேன். வழக்கமாகப் போகும் மருந்துச் சரக்குக் கடையில் நுழைந்தேன். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிமுள்ளி எல்லாம் சாக்கில் வாய் திறந்து நிற்கும் கடை. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

"வாங்க லாரிக்காரரே. ஒங்க புண்ணியத்துல நாவக்கொட்டப் பொடி நல்லா போவுது. இருநூறு கிராமு ஒம்பது வெள்ளி. ஒங்களுக்கு எட்டு."

"பாய், இது சக்கரைய கொறைக்குமா கொறைக்காதா? யாவாரத்த வுட்டுட்டுச் சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நீட்டிய பொட்டலத்தைத் திரும்ப உள்ளே வைத்தார்.

"கொட்டைய சக்கரைக்குக் கொடுக்கறது பழைய வழக்கம். பட்டைய காய்ச்சி வாய் கொப்புளிச்சா ஈறுப் புண்ணு ஆறும். பழம் வயித்தக் கட்டும். ஆனா நான் யாரு வந்தாலும் ஒண்ணு கேப்பேன், மாத்திரை சாப்பிடுறீங்களான்னு. சாப்பிட்டா டாக்டர்கிட்ட சொல்லிட்டு வாங்கன்னு சொல்வேன். லாரியில கெலிண்டான் வச்சிருப்பீங்கள்ல?"

கெலிண்டான் என்றால் லாரியில் துணைக்கு வருகிற ஆள். சாமான் ஏற்றுவான், இறக்குவான், பின்னால் பார்த்துச் சொல்வான்.

"ஆமா."

"அவன் நல்ல பையன்தான். அதுக்காக டிரைவரை எறக்கி விட்டுட்டு அவன் கையில ஸ்டியரிங் கொடுப்பீங்களா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் நான் இதே கடையில்தான் நின்றேன். அன்றைக்கு நான் கேட்டது, "பாய், போட்டோ எடுத்துக்கலாமா?" மட்டும்தான்.

ஜெட்டிக்குத் திரும்பி வந்து 204 பஸ் பிடித்தேன், இரண்டு வெள்ளி. சந்தை நாள் நெரிசலில் நாற்பது நிமிடம் ஆனது. ஆயர் ஈத்தாம் சந்தைக்கு முன் நிறுத்தத்தில் இறங்கி ஏழு நிமிடம் நடந்தால் அடுக்குமாடி.

மரம் நல்ல காய்ப்பில் இருந்தது. கீழே சிமெண்டுத் தரை முழுக்க ஊதா. இரண்டு கார்களின் கூரையும் ஊதா. ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டேன். முதலில் கொஞ்சம் இனிப்பு, பிறகு நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. பக்கத்தில் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், பிளாஸ்டிக் பையில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் இருக்கியாம்மா?" என்றேன்.

"இல்லண்ணே, நிபோங் தெபால். அம்மாவுக்காக வந்தேன், இனிப்பு நீரு. ஒரு லாரிக்காரரு எழுதியிருந்தாரு, போன்ல படிச்சேன். தமாஷா எழுதுவாரு அவரு."

வேறு நாளாக இருந்தால் சட்டைக் காலரைத் தூக்கி விட்டிருப்பேன்.

"அம்மா மாத்திரை சாப்பிடுறாங்களா?"

"போன வாரம் நிறுத்திட்டாங்க. அதான் எழுதியிருக்காரே, மூணு மாசத்துல டப்பா குப்பைக்குப் போயிடும்னு."

"அது தமாஷுக்கு எழுதினதும்மா."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினவன் சொல்றேன்."

அவள் சிரித்தாள். நான் கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டாள். இத்தனை வருஷம் வாயால் சம்பாதித்தது இதுதான், உண்மையைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நான் போனை எடுத்து என் பக்கத்தைத் திறந்து, படத்தையும் என் மூஞ்சியையும் காட்டினேன். "இந்தப் படத்துல குனிஞ்சி பொறுக்குற ஆளு என் தங்கச்சி புருஷன். மேல மூணாவது மாடியில கால் அழுகி உக்காந்திருக்கான். அம்மாவ இன்னிக்கே மாத்திரைய போடச் சொல்லு. திங்கக்கெழமை கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போய்ச் சக்கரைய பாரு."

அவள் பையைப் பார்த்தாள், மேலே மூன்றாவது மாடியைப் பார்த்தாள். "ஏன்ணே, மொதல்லயே இப்படி எழுதியிருக்கக் கூடாதா?" என்றாள். பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினேன்.

மூன்றாவது மாடி நடையில், காலணி வைக்கும் சப்பாத்து அடுக்குக்குப் பக்கத்தில், முறத்தில் நாவல் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. ராஜி கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை. தனபாலன் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வலது கால். துணியை விலக்கிக் காட்டினான். சுண்டு விரலும் பக்கத்து விரலும் கரிக்கட்டை. அடிப்பாதத்தில் ஒரு குழி. பன்னீர் தெளித்து வைத்திருந்தார்கள், அதையும் மீறி நாற்றம் வந்தது.

நான் வழியெல்லாம் ஒரு கேலியை யோசித்து வைத்திருந்தேன். சிரிக்க வைத்து, இளக்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று திட்டம். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"மாத்திரை டப்பா எங்க ராஜி? ஆஸ்பத்திரியில கேப்பாங்க," என்றேன்.

"அலமாரிக்குப் பின்னால. நீ வரும்போதெல்லாம் ஒளிச்சி ஒளிச்சி, அப்புறம் எடுக்கவே இல்ல," என்றாள்.

எடுத்துத் திறந்தேன். ஏழு அறையிலும் மாத்திரை இல்லை. திங்கள் அறையில் மட்டும் காய்ந்த நாவல் கொட்டை ஒன்று இருந்தது.

"இது என்னடா மாப்ள?"

தனபாலன் ராஜியைப் பார்த்தான். அவளிடமும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"அஞ்சு வாரத்துக்கு முன்னால, மச்சான். முறத்துலேர்ந்து உருண்டு என் வேலை சப்பாத்துக்குள்ள வுழுந்திருக்கு. தெரியாம மாட்டிக்கிட்டுப் போயிட்டேன். பேக்டரியில பன்னெண்டு மணி நேரம் அது மேலயே நடந்திருக்கேன். ஒண்ணுமே தெரியல. வூட்டுக்கு வந்து சாக்ஸ கழட்டினா ரத்தம். கொட்டை உள்ளாற பதிஞ்சி இருக்கு. புடுங்கி எடுத்து, யாருக்கும் தெரியாம இதுல போட்டு வச்சேன்."

"வலிக்கலயா?"

"அதான் மச்சான். வலிக்கவே இல்ல. அன்னிக்குத்தான் பயந்தேன். ஆனா ஆஸ்பத்திரிக்குப் போனா மாத்திரைய ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது? மச்சான் டப்பாவ ஆட்டினாரு, வெக்கமா இருந்திச்சின்னா?"

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ராஜி அடுப்படிக்குள் போனாள். குழாய் திறந்த சத்தம் கேட்டது, பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை.

நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். தனபாலன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், இன்னிக்கு ஒண்ணும் சொல்லலயா?"

நான் தலையை ஆட்டினேன்.

"கேலி வரலயா? ஒங்கப்பா செத்த அன்னிக்கே, பாடை கட்டுறவன கேலி பண்ண ஆளு நீ." கொஞ்ச நேரம் காலைப் பார்த்தான். "அவ்ளோ மோசமாவா இருக்கு?"

"ஆமாடா," என்றேன்.

"ராஜி," என்று கூப்பிட்டான். "சட்டைய எடு. ஐசி கார்டையும் எடு, ஆஸ்பத்திரியில கேப்பாங்க."

ராஜி ஐந்து வாரம் அழுது நடக்காதது அப்படித்தான் நடந்தது. நான் கெட்டிக்காரத்தனமாக எதையும் பேசவில்லை. என் வாய் மூடிக் கிடந்ததைப் பார்த்துத்தான் அவன் பயந்தான்.

போனில் கார் கூப்பிட்டோம். பெரியாஸ்பத்திரிக்குப் பதினான்கு வெள்ளி, இருபது நிமிடம். ஓட்டுநர் ஒரு சீனர். வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில், குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு கண்ணாடியையும் இறக்கினார். இறங்கும்போது, "அங்கிள், மெல்ல, மெல்ல லா," என்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே வார்டில் சேர்த்தார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு விரலையும் பாதத்தில் ஓர் ஓரத்தையும் எடுத்தார்கள். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் விரலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம், ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் முட்டிக்குக் கீழே போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். தனபாலன் நடப்பான். பேக்டரியில் பன்னிரண்டு மணி நேரம் நடக்க மாட்டான். போன வாரம் பார்க்கப் போனபோது அந்த டப்பாவை எடுத்து, என் முன்னால் ஆட்டிக் காட்டினான். கிலுகிலு என்று நிறைந்த சத்தம். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். தனபாலனும் சிரித்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ராஜி இன்னும் என்னிடம் சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

பழைய கட்டுரையை அழிக்கச் சொல்லி என் மகள் சொன்னாள். அழிக்கவில்லை. அதைப் படித்தவர்கள் திரும்ப வந்து தேடும்போது காணாமல் போயிருந்தால், நான் ஒளிந்துகொண்ட மாதிரி ஆகும். அதன் தலையில் இந்தக் கட்டுரையை ஒட்டியிருக்கிறேன். அந்தக் கடைசி வரியை மட்டும் கோடு போட்டு அடித்திருக்கிறேன், அடித்தது தெரியும்படியாக.

மரத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஜூனில் பழம் உண்டு, காலை ஒன்பது மணிக்குள் போனால் மிதிபடாத பழம் கிடைக்கும். பழைய சட்டை போட்டுப் போங்கள், கறை போகாது. அங்கே குடியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பொறுக்குங்கள், வண்டிக் கறையால் மரத்தை வெட்டச் சொல்லி ஏற்கெனவே பேச்சு நடக்கிறது. மரத்தின் மேல் தப்பு இல்லை. பொடி வேண்டுமென்றால் முதலில் கிளினிக்கில் கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரையும் பார்த்து மாத்திரையும் வாங்க ஒரு வெள்ளிதான், நான் குடிக்கிற தே தாரே டீயைவிட மலிவு. யார் வீட்டு மேசையிலாவது மாத்திரை டப்பா இருந்தால் அதை எடுத்து விளையாடாதீர்கள்.

அப்புறம், கொட்டையைக் காயவைத்தால் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இனிப்பு நீர் இருந்தால், கிளம்புவதற்கு முன் சப்பாத்தைத் தலைகீழாக உதறிவிட்டு, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கால் சொல்லாது. கைதான் சொல்லும்.