ராத்தா சிரித்த நாள்

"முன்தள்ளின பல்லுக்குக் கம்பி போட்டா ரெண்டு வருஷம் செல்லும். வெள்ளையாக்கிறத பிறகு பாப்பம்" என்றார் கல்முனைப் பல் வைத்தியர். என் மகள் தலையாட்டினாள். அறையெல்லாம் கராம்பு எண்ணெய் வாசம்.

எனக்கு எட்டு வயதில், என் உடன்பிறந்த மூத்தவள் ராத்தாவைப் பெண் பார்க்க வந்த அன்றும் அந்த வாசம்தான். பல் வெளுக்க உமிக்கரியால் ஈறு கசியத் தேய்த்துவிட்டுக் கராம்பு அடக்கியிருந்தாள். "வாயத் திறந்திராத புள்ள" என்றிருந்தா உம்மா. கோமாளி நான் சும்மா இருப்பேனா? மாப்பிள்ளையின் உம்மா ஆடியாடி நடப்பதைக் கதவோரத்தில் நடந்து காட்டினேன். ராத்தா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வந்தவர்கள் அவளுடைய முன்தள்ளிய பல்லைப் பார்த்தார்கள், திரும்பி வரவேயில்லை.

என்னை அவள் ஏசவில்லை. அதன்பின் முக்காட்டால் வாயை மூடாமல் சிரித்ததுமில்லை.

"ஏன் வாப்பா கதைக்காம இருக்கீங்க? ஒரு பகிடி சொல்லுங்களேன்" என்றாள் மகள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

"கைய எடுங்க மகள், சொல்றன்."

அவள் எடுக்கவில்லை.