வெறுங்கால் விதி

மூன்றாம் தடவையாக நோட்டீசை வாசித்துக்கொண்டிருக்கிறார் விஜயகலா அக்கா. கல்யாணப் பத்திரிகையில்கூட நாளையும் நேரத்தையும் மட்டும் பார்க்கிறவர், புத்தாண்டு விளையாட்டு விழாவின் சியரிங் போட்டி விதிகள் என்றால் விரல் வைத்து வரி வரியாகப் போவார்.

கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். வயது நாற்பத்து மூன்று. தோட்டத்தின் கீழ் டிவிஷன் பெண்பிள்ளைகளை அந்தப் போட்டிக்காகக் கோஷம் போடவும், ஆடவும், ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கவும் பழக்குகிறவர் இவர்தான். "செய்யக்கூடாதுன்னு போட்டிருந்தா செய்ய மாட்டேங்க. போடலைன்னா வுடவும் மாட்டேன்."

முதல் வருடம், தரையில் எட்டுப் பேருக்குமேல் கால் வைக்கக்கூடாது என்றார்கள். ஒன்பதாவது பிள்ளையைத் தோளில் ஏற்றியே மைதானத்துக்குக் கொண்டுவந்தார். கடைசிவரை இறக்கவே இல்லை. கிண்ணம் கிடைத்தது.

போன வருடம், சப்பாத்து, காலுறை மேஸ் எதுவும் கூடாது, வெறுங்கால்தான் என்றார்கள். அக்கா காலையில் வெட்டிய ரப்பர் பாலைப் பிள்ளைகளின் உள்ளங்காலில் பூசிக் காயவைத்தார். மெல்லிய தோலாகப் பிடித்துக்கொண்டது. மழையிலும் ஒரு கால் வழுக்கவில்லை. நடுவர் முறைத்தார். "கொஹேத தியென்னே மாத்தயா?" என்று, அது எங்கே எழுதியிருக்கிறதென்று சிங்களத்தில் கேட்டு நோட்டீசை நீட்டினார் அக்கா. கிண்ணம் மறுபடி வந்தது. எதிர் அணியான மேல் டிவிஷனில் தேயிலை மட்டுமே, ரப்பர் பால் கிடையாது; அங்கே ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது.

விழாவில் மைக் பிடிப்பவன் நான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அநியாயம்தானே அக்கா?"

"நோட்டீஸ்ல இருக்கா தம்பி?"

ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கை குணமாகும்வரை வாரா வாரம் மேல் டிவிஷனுக்கு மலை ஏறியவரும் இவர்தான். கேட்டால், "வெறகுக்குப் போனேன்" என்பார்.

இன்று மூன்றாவது தடவையும் வென்றால் கிண்ணம் கீழ் டிவிஷனுக்கே சொந்தம். வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் அதற்கு இடம்கூட ஒதுக்கிவிட்டார். பால் பூசிய காலோடு அவருடைய பிள்ளைகள் அபாரமாக ஆடி முடித்தார்கள். அதோடு மழை பிடித்துக்கொண்டது. அடுத்தது மேல் டிவிஷன். உச்சியில் ஏறப் போவது அதே பிள்ளை. அவர்களைப் பழக்கும் ரிஸ்லா டீச்சர் துவாயால் ஈரக் கால்களைத் துடைத்துத் துடைத்து அலுத்துப் போனார்.

அப்போதுதான் அக்கா நோட்டீசை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். மூன்றாம் தடவையும் வாசித்து முடித்ததும் மிச்சப் பால் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே மேல் டிவிஷன் கூடாரத்துக்குள் போனார்.

"டீச்சர், புள்ளைங்கள கால நீட்டச் சொல்லுங்க."

ரிஸ்லா டீச்சர் திகைத்தார். "அக்கா, நாங்க வென்டா ஒங்களுக்குக் கப் இல்லையே?"

"அடுத்த டீமுக்குப் பூசக்கூடாதுன்னு எங்கயும் போடலைங்க. மூணு தடவ பாத்துட்டேன்."

மேல் டிவிஷனை அழைக்க வேண்டிய நேரம் வந்தது. மைக் ரிப்பேர் என்று நான் அதைத் தட்டிக்கொண்டே நின்றேன். அதற்கும் நோட்டீஸில் தடை இல்லை.

பூசிய பால் காய வேண்டும். அக்கா நோட்டீசை இரண்டாக மடித்தார். ஈரத் தரையில் முழங்காலிட்டு, அந்தப் பிள்ளையின் உள்ளங்காலுக்கு விசிறத் தொடங்கினார்.