ஒட்டி ஓடும் காற்று

வேதமாணிக்கம் பருப்பு மில்லின் பின்சுவரருகே குந்தி உட்கார்ந்து, தகரப் புனலின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே, மில்லின் தூசியை வெளியே இழுக்கும் விசிறி இரைகிறது. உளுந்தந்தொலித் தூசி அவர் தலைமுடியெல்லாம் படிகிறது. அவர் பார்ப்பது ஒரே ஒரு சிவப்பு நூலை. புனலின் உட்பக்கம் ஒரு முனை ஒட்டப்பட்ட அந்த நூல் தகரத்தோடு படிந்து நேராகக் கிடந்தால், வேட்டியை உதறிக்கொண்டு டீக்கடைக்குப் போவார். நூல் துள்ளினால் அன்று டீ கிடையாது.

மில்லில் அவர் பிட்டர். விருதுநகர் பஜாரில் அவர் பெயர் 'நூல் அண்ணாச்சி'. தையல் டப்பாவிலிருந்த நூல்கண்டு எங்கே என்று கேட்பதை, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவி பாக்கியவதி நிறுத்திப் பல காலமாகிறது. சாத்தூர் பஸ்ஸின் முகப்பில் நூலை ஒட்டிவிட்டு, ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்து, கண்டக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர் இவர்.

இந்தக் கிறுக்கு பிடித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், பெங்களூரில். விமானப்படையில் தகடு வேலை பார்த்த நாட்கள் அவை. ஜெட் விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, இறக்கையின் முதுகை உரசிப் போகிற காற்று களைத்துப்போய் இறக்கையை விட்டு விலகிவிடும். பிறகு விமானி என்ன திருப்பினாலும் விமானம் சொன்னபடி கேட்காது. அதற்காக இறக்கைமேல் கட்டைவிரல் நகமளவுத் தகடுகளைச் சற்றே சாய்வாக, வரிசையாக நிறுத்தினார்கள். ஒவ்வொரு தகடும் ஒரு குட்டிச் சுழலைக் கிளப்பும். அந்தச் சுழல் மேலே ஓடும் வேகக் காற்றைக் கீழே இழுத்துவந்து களைத்த காற்றோடு கலக்க, காற்று மறுபடி இறக்கையைப் பற்றிக்கொள்ளும். வேதமாணிக்கம் ஒட்டிய தகடுகளோடு பறந்துவிட்டு இறங்கிய விமானி, நேரே கொட்டகைக்கு வந்து, எண்ணெய்க் கை என்றும் பாராமல் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாராம்.

"ஒரு வார்த்தை பேசல. பிடிச்ச கையத்தான் விடல" என்பார்.

மில்லில் உளுந்து புடைக்கிறவள் இருளம்மாள். பழைய சிவப்புச் சேலையில் கிழித்த துணியை மூக்கோடு கட்டிக்கொண்டுதான் முறத்தைத் தொடுவாள். கட்டியும் இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இந்த வேலையை விட்டால்தான் நெஞ்சு தேறும் என்று பாக்கியவதி சொல்லிவிட்டார். விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. மனைவி வாயால் இதைக் கேட்ட வேதமாணிக்கம், மறுநாளே புனலுக்குள் நூல் ஒட்டிப் பார்த்தார். நூல் துள்ளியது: திடுமென விரிகிற புனலில் காற்று தகரத்தை விட்டு விலகிப் பின்னுக்குச் சுழன்றது. அதனால் விசிறி இழுத்தும் தூசி அறையிலேயே தங்கியது. அவர் மண்ணெண்ணெய் டின்னை நகம் நகமாக வெட்டி உள்ளே ஒட்டினார். அறை தெளிந்தது. இருளம்மாளின் மூக்குத்துணி இடுப்புக்குப் போயிற்று.

போன ஆயுத பூஜை சமயத்தில் வேதமாணிக்கம் சொந்தக்காரர் கல்யாணத்துக்காகச் சிவகாசி போயிருந்தார். மேஸ்திரி கோட்டைச்சாமி பக்தி சிரத்தையோடு மில்லை மூலைமுடுக்கு விடாமல் கழுவினார். புனலுக்குள்ளும் தலையை விட்டு, பிசிறாக நின்ற தகரத் துண்டுகளைச் சுரண்டி எறிந்தார். சுரண்டிய தழும்பு அசிங்கமாகத் தெரிந்ததால், ஒவ்வொன்றின்மேலும் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டார். மில் மறுபடி ஓடத் தொடங்கியதும் துணி இருளம்மாளின் மூக்குக்கு ஏறியது. நாலாம் நாள் அவள் வேலைக்கே வரவில்லை.

ஊர் திரும்பிய வேதமாணிக்கம் புனலுக்குள் விட்ட தலையை வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. கோட்டைச்சாமிக்கு வியர்த்துவிட்டது.

"வழவழன்னு இருந்தாத்தான காத்து நல்லாப் போகும்னு நெனைச்சேன், அண்ணாச்சி."

"எல்லாரும் அப்பிடித்தான் நெனைப்பாக. நானும் நெனைச்சவந்தான். ஆனா நீரு பொட்டு வச்சீரே, அதுக்கு உமக்குக் கோடி புண்ணியம். எந்த எடம்னு தேடாம ஒட்டிரலாம்."

பொட்டுக்கு ஒரு தகடு. சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. கோட்டைச்சாமியே போய் இருளம்மாளைக் கூட்டிவந்தார். விசிறி ஓடியது. அறையில் நின்ற தூசி மெல்ல மெல்ல வெளியேறியதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். சோதித்துப் பார்க்க நூல் வேண்டுமென்று வேதமாணிக்கம் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார். பை காலி.

இருளம்மாள் வாசலிலிருந்து அவரருகே வந்தாள். மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். அதன் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, எண்ணெய் படிந்த அவர் உள்ளங்கையில் வைத்தாள்.