வலது கன்னத்து மச்சம்

யார் பேசினாலும் அவர்கள் சட்டையின் இரண்டாவது பட்டனைப் பார்த்துத்தான் அவள் பதில் சொல்வாள். பட்டன் இல்லாத உடுப்பென்றால் கழுத்துக்குக் கீழே எங்காவது ஓரிடம். இருபத்தெட்டு வருடமாக ஒரே தையல் ஆலையில், சட்டைக்குப் பட்டன் வைக்க வேண்டிய இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. அதனால் பட்டனக்கா என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

ஒருமுறை புது சூப்பர்வைசர் பொறுமை இழந்து, "என் மூஞ்சில என்ன பேயா உக்காந்திருக்கு? நிமிர்ந்து பாத்துப் பேசும்மா" என்றார்.

"இல்ல சார், நூல் பிரிஞ்சிருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். பிரிந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்வதில்லை.

அவளுக்குத் தாய் முகம் நினைவில்லை. வளர்த்தது எட்டு வயது மூத்த அக்கா. பதினான்கு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ஆலைக்குப் போகத் தொடங்கியபோதும் அக்காதான் தினமும் தலை வாரி அனுப்புவாள். கல்யாணமாகியும் தங்கையைத் தன்னோடே வைத்துக்கொண்டாள். தங்கைக்குப் பதினேழு வயதானபோது அக்கா மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். கைக்குழந்தைக்கு அப்போது ஒரு வயது. லாரி ஓட்டும் அத்தான் இரண்டு வருடம் கழித்து வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். குழந்தை சித்தியிடம் தங்கிவிட்டது.

இடையில் ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கட்டிலுக்கடியில் இருந்த தகரப்பெட்டி இரண்டு நாள் ஊறிக் கிடந்தது. உள்ளே இருந்த போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அத்தான் பக்குவமாகத்தான் பிரித்தார். ஆனாலும் அக்காவின் முகம் எல்லாப் படத்திலும் அடுத்த படத்தின் முதுகோடு உரிந்து போய்விட்டது. ஒன்றே ஒன்றில் கை, கால், உடுப்பு எல்லாம் இருந்தன. கழுத்துக்கு மேல் வெள்ளைக் காகிதம்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அக்கா மகள் வளர்ந்தாள். கல்யாணமாகி, இருபத்தாறு வயதில், மூன்று மாத வயிற்றோடு ஒருநாள் புகுந்த வீட்டிலிருந்து வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தாள்.

"சித்தி, அம்மா எப்படி இருப்பாங்க?"

"உன்ன மாதிரிதான்."

"அப்பாவைக் கேட்டா சித்தி மாதிரின்னு சொல்றார். நீங்க என்னை மாதிரின்னு சொல்றீங்க. ஆளுக்கொரு பக்கம் பந்தை உருட்டி விட்டா எப்படி? நாளைக்கு இந்தப் பிள்ளை பொறந்து, யார் ஜாடைன்னு நாலு பேர் கேட்டா நான் யாரைக் காட்டுறது? வெள்ளைக் காகிதத்தையா?"

சித்திக்கு அக்காவின் முகம் உள்ளே இருக்கிறது, தெளிவாகவே இருக்கிறது. வாயால் சொன்னால் எல்லார் முகமும் போல ஆகிவிடுகிறது. கண் இருந்தது, மூக்கு இருந்தது, ஒரு மச்சம் இருந்தது என்று சொல்லி ஒரு மனுஷியை எப்படிக் கையில் கொடுப்பது?

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த பெயின்ட் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் வரையக் கற்றுத்தரும் வகுப்பு நடந்தது. படிக்கட்டு வரை மூன்று வாரம் போய்த் திரும்பினாள். நாலாவது வாரம், மேலே ஏறிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் ஒருவர், "ஏறுங்கம்மா, இங்க டிக்கெட் கேக்க மாட்டேன்" என்று வழி விட்டார். வேறு வழியில்லாமல் ஏறினாள்.

கற்றுத்தந்தது அக்கா மகளைவிடச் சின்னப் பெண். அவளும் 'அக்கா' என்றே கூப்பிட்டாள். முதல் நாளே சொன்னாள்: "அக்கா, கண்ணு நெத்தில ஏறிடுச்சு. எல்லாரும் செய்ற தப்புதான். தலைக்கு நேர் பாதில இருக்கும் கண்ணு. அளந்து பாருங்க."

அளப்பது அவளுக்குக் கைவந்த விஷயம். இரண்டு கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண் அகலம், மூக்கின் அடியிலிருந்து உதடு வரை இவ்வளவு என்று சட்டையில் குறிப்பது போலக் குறித்துக்கொண்டாள். வண்ணம்தான் கை கொடுக்கவில்லை. கண்ணின் வெள்ளையை வெள்ளையாகவே பூசினாள். முகம் விழித்துக்கொண்டு செத்தது போல் ஆயிற்று. "வெள்ளைல கொஞ்சம் சாம்பல் கலங்க. மேல் இமையோட நிழல் விழுதில்ல?" என்றாள் டீச்சர். கலந்தாள். பார்வை அடங்கியது.

இரண்டாவது மாதம் பரிசோதகரை நடுவில் உட்கார வைத்து எல்லாரையும் வரையச் சொன்னார்கள். வரைந்து கொண்டிருந்தபோது அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, என்னை வரையச் சொன்னா ஒரு பொம்பளைக்கு மீசை வச்சிருக்கே."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"புதுசா வர்றவங்க யாரை வரைஞ்சாலும் கடைசில தன் முகத்தைத்தான் வரைவாங்க. ஆனா இது உங்க முகமும் இல்லையேக்கா. யாரு இது?"

அவள் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டாள். மீசைக்குப் பின்னாலிருந்து, ஒரு பக்கமாக ஒதுங்கிய உதட்டோடு, அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து யாரை வரைந்தாலும் அவளே வந்தாள். பழக்கடைக்காரரை வரைந்தால் அவர் தாடைக்குள்ளிருந்து வந்தாள். பத்திரிகையிலிருந்து ஒரு குழந்தையை வரைந்தால் அதன் நெற்றியில் வந்து நின்றாள். இனிமேல் தள்ளிப்போட வேண்டாம் என்று, வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, நேராக அக்காவையே வரைய உட்கார்ந்தாள்.

ஆறு ஞாயிறு ஆயிற்று. வரைவதாகவே தோன்றவில்லை. மேலே படிந்திருக்கும் தூசியைத் துடைக்கத் துடைக்க அடியிலிருந்து முகம் தெளிந்து வருவது போலிருந்தது. ஆனால் ஒன்று. வரையும்போது பயமில்லை, டீ போடுவதற்காகப் படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் மட்டும் பிடரி சில்லென்று ஆகிவிடும். தலைமுடியை யாரோ லேசாக இழுத்துப் பிடிப்பது போலிருக்கும். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். படம் படமாகத்தான் இருக்கும். கடைசியில் பகலிலேயே அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைக்கத் தொடங்கினாள்.

முடிந்தபோது அத்தான் வந்தார். மகளைப் பார்க்க வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். இந்த முறை மகளே வரவழைத்திருந்தாள். துண்டை எடுத்தார்கள். அவர் வெகுநேரம் பார்த்தார். மகள் அவர் வாயையே பார்த்தாள்.

"நல்லா வரைஞ்சிருக்க. கை திருந்திடுச்சு," என்றார். பிறகு, "ஆனா இது அவ இல்ல" என்றார்.

"எதை வச்சுச் சொல்றீங்கப்பா?"

"மச்சம் இந்தப் பக்கம் இருக்கும்." தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். படத்தில் அது வலது கன்னத்தில் இருந்தது. "மச்சம் மட்டும் இல்ல. யாரோ மாதிரி இருக்கு."

"இல்ல அத்தான், எனக்கு நல்லா தெரியும்," என்றாள், அவர் சட்டையைப் பார்த்து.

"அஞ்சு வருஷம் எதிர்ல உக்காந்து சோறு தின்னவன் நான். எனக்குத் தெரியாதா?"

அக்கா மகள் படத்தைத் தூக்கி முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, "பரவாயில்ல சித்தி, இவ்வளவு வருஷம் ஆச்சே" என்றாள். அந்தப் பரவாயில்லைதான் சித்தியைக் கொன்றது.

அந்த வாரம் முழுக்க ஆலையில் நாலு சட்டைக்குத் தப்பான இடத்தில் குறி போட்டாள். அக்கா இல்லையென்றால் இத்தனை வருடமாக உள்ளே வைத்திருந்தது யாரை? அக்காவின் பெயரைச் சொல்லி வந்து உட்கார்ந்தவள் யார்?

ஞாயிற்றுக்கிழமை படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். "இது மேல வெள்ளை அடிச்சுக் குடும்மா. என் கையால முடியல."

டீச்சர் பிரித்துப் பார்த்தாள். "அடிக்கறது எப்பவும் அடிக்கலாம். ஒரு தடவை கண்ணாடில காட்டினீங்களா?"

அது வகுப்பில் வழக்கம். வரைந்து முடித்த படத்தைக் கண்ணாடியில் பார்த்தால், பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல் தெரிந்துவிடும். இது வீட்டில் வரைந்தது, காட்டவில்லை. டீச்சர் அவளைக் கண்ணாடி முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்து, படத்தை அவளுக்குப் பின்னால், தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள்.

கண்ணாடியில் அவள் முகம் இருந்தது. அதற்கு மேலே அத்தான் சொன்ன முகம் இருந்தது: மச்சம் அவர் தொட்டுக் காட்டிய கன்னத்தில், வகிடு மறுபக்கம், உதடு மறுபக்கம் ஒதுங்கி. முன்பின் அறியாத ஒரு பெண். அந்தப் பெண் தன் தலைக்குப் பின்னால் நிற்கும் நிலை மட்டும் நன்றாகப் பழகியதாக இருந்தது. பிடரி சில்லிட்டது. கை தானாகப் பின்னால் போய்ச் சடையைப் பிடித்தது.

இப்படித்தான். ஒவ்வொரு காலையும் அவள் ஸ்டூலில், அக்கா பின்னால் நின்று பின்னல் போட்டபடி. "தலையை ஆட்டாத, வகிடு கோணிடும்" என்பாள். யாரையும் நேருக்கு நேர் பார்க்க மாட்டாத தங்கை, அந்தப் பத்து நிமிடம் மட்டும் கூச்சமில்லாமல் அக்காவைப் பார்ப்பாள், கண்ணாடிக்குள். மற்ற நேரமெல்லாம் அக்காவிடமும் பட்டன்தான். அவள் மனதில் இருந்த அக்கா முழுவதும் கண்ணாடிக்காரி. இடம் வலமாகவும் வலம் இடமாகவும் பதிந்து கிடந்தவள்.

"என்னாச்சுக்கா?"

"நான் எங்கக்காவை ஒரு தடவைகூட நேராப் பாத்ததில்ல போலிருக்கும்மா."

டீச்சர் படத்தை இறக்கி வைத்துவிட்டு, பட்டர் பேப்பரை எடுத்து வந்து கோடுகளைப் படியெடுக்கச் சொன்னாள். படியைத் திருப்பிப் போட்டுப் புதுப் பலகையில் இன்னொரு முறை வரைந்தாள். இந்த முறை ஒன்றும் தானாக வரவில்லை. ஒவ்வொரு இடமும் முரண்டு பிடித்தது. அளந்து அளந்து, யாரோ தெரியாத பெண்ணை வரைவது போல வரைந்து முடித்தாள்.

அத்தான் அதைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். "சாப்பிட்டியான்னு கேக்கப் போறா" என்றார். அக்கா மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போய், தன் மோவாயைத் தொட்டுப் பார்த்தாள். படத்தின் மோவாயைத் தொடப் போனவளைச் சித்தி தடுத்தாள். "ஈரம்."

குழந்தைக்கு இப்போது ஏழு மாதம். பெண். மோவாய் அம்மாயி ஜாடை என்று வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா மகள் படத்தைக் காட்டுகிறாள். அவள் வீட்டுக் கூடத்தில் அது மாட்டியிருக்கிறது. முதல் படம் சித்தியின் அறையில் இருக்கிறது. அதற்குத் துண்டு போடுவதில்லை. ஞாயிறு தவறாமல் வகுப்புக்குப் போகிறாள். கூடத்துப் படத்தில் இருப்பது தன் அக்கா என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இன்னும் பழக்கமாகவில்லை. அங்கே போகும்போதெல்லாம் புது ஆளிடம் நிற்பது போலக் கொஞ்சம் ஒதுங்கியே நிற்கிறாள்.